நாற்காலியில் இருப்பவர் கேட்கும் கேள்வி

போதை ஆராய்ச்சியின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தால் ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்துவிடும். கண்டுபிடித்தவர்களின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கும். எதைக் கண்டுபிடிக்கப் பணம் தரலாம், எதற்குத் தர வேண்டாம் என்று முடிவு செய்தவர்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஆய்வுக்கூடத் தலைவர், நிறுவன இயக்குநர், வெள்ளை மாளிகை ஆலோசகர் மாதிரியான ஆட்கள் இவர்கள். சோதனைக் குழாயை இவர்கள் தொடுவது குறைவு. ஆனால் இவர்கள் கேட்ட கேள்விக்குத்தான் மற்ற எல்லோரும் பதில் தேடினார்கள்.

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன், மருத்துவன் இல்லை. எங்கள் வேலையில் ஒரு பாடம் உண்டு: நீங்கள் எந்த டெஸ்ட் எழுதினீர்களோ, அதற்கான பதில்தான் வரும். எழுதாத டெஸ்ட்டுக்கு மென்பொருள் தானாக முன்வந்து பதில் சொல்லாது. அமெரிக்காவின் போதை ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் தலைமை தாங்கிய சிலரின் கதையை இந்தக் கோணத்தில் பார்க்கலாம் என்று தோன்றியது. நோயாளிகளின் உயிர் சம்பந்தப்பட்ட கதை இது.

லெக்சிங்டன்: "இது அடிமையாக்குமா?"

1935இல் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் ஊருக்கு வெளியே ஒரு பெரிய வளாகம் திறக்கப்பட்டது. மக்கள் அதை 'நார்கோட்டிக் ஃபார்ம்' என்றார்கள், அதாவது போதைப் பண்ணை. பாதி சிறை, பாதி மருத்துவமனை. மாட்டுப் பண்ணை, தோட்டம், தொழிற்கூடம் எல்லாம் உண்டு. போதைமருந்துக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்ற கைதிகளும் இருந்தார்கள், தாங்களாகவே வந்து சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஜாஸ் இசைக்கலைஞர் சானி ராலின்ஸ், எழுத்தாளர் வில்லியம் பரோஸ் போன்றவர்களும் அங்கே இருந்து வந்தவர்கள்தான்.

அந்த வளாகத்துக்குள்ளேயே ஒரு ஆராய்ச்சிப் பிரிவு. பின்னாளில் அதன் பெயர் அடிமையாதல் ஆய்வு மையம். அதன் முதல் பெரிய தலைவர் கிளிஃப்டன் ஹிம்மல்ஸ்பாக். மார்ஃபினை நிறுத்தினால் உடம்பில் என்னென்ன நடக்கிறது என்பதை அவர் எண்களாக மாற்றினார். கொட்டாவிக்கு இத்தனை புள்ளி, கண்ணீருக்கு இத்தனை, மயிர்க்கூச்செறிதலுக்கு இத்தனை, காய்ச்சலுக்கு இத்தனை. அதுவரை 'நடிக்கிறான்' என்று ஒதுக்கப்பட்ட ஒரு வேதனை முதல்முறையாக அளவுகோலுக்குள் வந்தது. சாதாரண காரியம் இல்லை.

ஆனால் அந்த அளவுகோலை எதற்காகச் செய்தார்கள்? மருந்து வேதியியலாளர்கள் அப்போது மார்ஃபின் மாதிரி வலியைப் போக்கும், ஆனால் அடிமையாக்காத ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். புதுப் புது வேதிப்பொருட்கள் லெக்சிங்டனுக்கு வரும். அங்கே இருந்த கைதிகளிடம் சோதித்து, இது அடிமையாக்குமா இல்லையா என்று பதில் அனுப்ப வேண்டும். அதுதான் மையத்தின் முக்கிய வேலை.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மனியிலிருந்து ஒரு மருந்தின் விவரங்கள் அமெரிக்கர்கள் கைக்கு வந்தன. மெத்தடோன். வலிக்காக உருவாக்கப்பட்டது. வழக்கம்போல லெக்சிங்டனுக்குப் போனது. அப்போது மையத்தின் தலைவர் ஹாரிஸ் இஸ்பெல். 1945 முதல் 1963 வரை அந்த நாற்காலியில் இருந்தவர். சோதித்தார்கள். பதில்: ஆம், அடிமையாக்கும். ஹெராயின், மார்ஃபின் பழக்கத்திலிருந்து ஒருவரைச் சில நாட்களில் மெல்ல இறக்கிக் கொண்டுவர மட்டும் மெத்தடோன் பயன்பட்டது. அதோடு கோப்பு மூடப்பட்டது.

கேட்ட கேள்விக்குப் பதில் சரிதான். அதில் தப்பே கிடையாது.

மூடிய கோப்பைத் திறந்தவர்

1945இல் மாரி நைஸ்வான்டர் என்ற இளம் பெண் மருத்துவர் லெக்சிங்டனுக்கு வந்தார். அறுவை மருத்துவராக வேண்டும் என்று கடற்படைக்கு முயன்றவர். பெண் என்பதால் அங்கே இடம் இல்லை. பொதுச் சுகாதாரப் பணியில் சேர்ந்த அவரை இங்கே அனுப்பினார்கள். நோயாளிகள் நடத்தப்பட்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு நியூயார்க்கில் மனநல மருத்துவராக, போதைக்கு அடிமையானவர்களுக்குச் சிகிச்சை தர ஆரம்பித்தார்.

லெக்சிங்டனிலிருந்து வெளியே போனவர்கள் என்ன ஆனார்கள் என்பது அதற்குள் தெரிந்திருந்தது. நியூயார்க்குக்குத் திரும்பியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பத்தில் ஒன்பது பேருக்கு மேல் மீண்டும் பழக்கத்துக்குப் போயிருந்தார்கள். இவ்வளவு பெரிய தோல்விக்கு எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றே: 'அவர்களுக்கு மனஉறுதி இல்லை.'

1964இல் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனத்தில் வின்சென்ட் டோல் என்ற மருத்துவரோடு நைஸ்வான்டர் சேர்ந்தார். டோல் அதற்கு முன் உடல் பருமன், வளர்சிதை மாற்றம் பற்றி ஆராய்ந்தவர். போதை பற்றிய பழைய கேள்விகளின் பாரம் அவருக்கு இல்லை. மேரி ஜீன் க்ரீக் என்ற இளம் மருத்துவரும் சேர்ந்துகொண்டார். முதலில் நோயாளிகளுக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். அடுத்த ஊசி எப்போது என்பதைத் தவிர அவர்களுக்கு வேறு நினைப்பே இல்லை. பிறகு மெத்தடோனுக்கு மாற்றினார்கள். கொஞ்ச நாளில் ஆட்களே மாறிவிட்டார்கள். ஒருவர் படம் வரைய ஆரம்பித்தார். இன்னொருவர் விட்ட படிப்பைத் தொடர வேண்டும் என்றார். மெத்தடோன் நீண்ட நேரம் உடம்பில் நிற்கும் மருந்து. ஏற்ற இறக்கம் இல்லை, ஏக்கம் தணிந்தது, தலை தெளிந்தது. 1965இல் 22 நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது.

கவனியுங்கள். அதே மருந்து, அதே மாதிரி நோயாளிகள். லெக்சிங்டனின் கையில் கிட்டத்தட்ட இருபது வருடம் அந்த மருந்து இருந்தது. அங்கே கேட்ட கேள்வி, 'இது அடிமையாக்குமா?' இங்கே கேட்ட கேள்வி, 'இதைத் தினமும் கொடுத்தால் இந்த மனிதர் வேலைக்குப் போவாரா?' பழைய பதில் பொய்யாகவில்லை. மெத்தடோன் இன்றும் உடம்பைப் பழக்கப்படுத்தும் மருந்துதான். ஆனால் சர்க்கரை நோயாளி இன்சுலினோடு வாழ்வதுபோல ஒருவர் அதோடு வாழ முடியும் என்று பார்க்க வேறொரு நாற்காலி தேவைப்பட்டது.

அந்த நாற்காலியின் இன்னொரு பக்கம்

இஸ்பெல் காலத்தை ஒரு தவறவிட்ட வாய்ப்பாக மட்டும் பார்ப்பது நியாயமில்லை. 1955இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று நம் ஊர்க் குடும்பங்களுக்கும் நேரடியாகத் தொடர்புள்ளது. பழைய மார்ஃபின் அடிமைகளுக்கு வாரக்கணக்கில் மது கொடுத்து, திடீரென நிறுத்திப் பார்த்தார்கள். வலிப்பும், பிதற்றலும், இல்லாததைப் பார்ப்பதும் வந்தது. குடியினால் வருவதாக நினைத்த இவையெல்லாம் உண்மையில் குடியைச் சட்டென்று நிறுத்துவதால் வருகிறவை என்று உறுதியானது. நீண்ட நாள் அதிகமாகக் குடித்தவரை வீட்டுக்குள் பூட்டி வைத்து நிறுத்தப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து, மருத்துவர் கவனிப்பில்தான் நிறுத்த வேண்டும் என்று இன்று சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது.

ஆனால் இந்த அறிவு யார் உடம்பிலிருந்து வந்தது? கைதிகள். இஸ்பெல் மத்திய உளவு நிறுவனத்தின் ரகசியப் பணத்தில் எல்எஸ்டி சோதனைகளும் செய்தார். ஒரு சோதனையில் ஏழு பேருக்கு 77 நாள் தொடர்ந்து எல்எஸ்டி கொடுக்கப்பட்டது. சோதனைக்கு வந்தவர்களில் பலர் கறுப்பினத்தவர். ஒத்துழைத்தால் தண்டனைக் காலம் குறையும், அல்லது கூலியாகப் போதைமருந்தே கிடைக்கும். அடிமைத்தனத்தை ஆராயும் இடத்தில், அடிமையானவருக்குக் கூலி அந்த மருந்தே! 1975இல் அமெரிக்க செனட் விசாரணையில் இது வெளிவந்தது. அடுத்த ஆண்டே மத்தியச் சிறைக் கைதிகள் மீதான இந்தச் சோதனைகள் நிறுத்தப்பட்டன. 'இதைச் செய்யலாமா?' என்ற கேள்வியை அந்த நாற்காலியில் இருந்தவர் கேட்கவே இல்லை. வெளியிலிருந்து வந்துதான் கேட்டார்கள்.

வெள்ளை மாளிகைக்கு ஒரு மனநல மருத்துவர்

1971 ஜூன் மாதம் அதிபர் நிக்சன் போதைமருந்தை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். இந்த அறிவிப்பு எல்லோருக்கும் தெரியும். அன்று அவர் யாரை நியமித்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. ஜெரோம் ஜாஃபி. சிகாகோவில் மெத்தடோன் சிகிச்சையை நடத்திக்கொண்டிருந்த மனநல மருத்துவர், நாற்பது வயதுகூட ஆகவில்லை. இவரும் இளம் வயதில் லெக்சிங்டனில் பணியாற்றியவர்தான். போதைக்கு எதிரான போர் என்று பெயர் வாங்கிய அந்த ஆட்சியின் ஆரம்ப ஆண்டுகளில், போலீஸ் நடவடிக்கையைவிடச் சிகிச்சைக்கும் தடுப்புக்கும் அதிகப் பணம் போனது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம்.

ஜாஃபியின் முதல் தலைவலி வியட்நாம். அங்கிருந்த படைவீரர்களிடம் ஹெராயின் பழக்கம் பரவியிருந்தது. ஊருக்குத் திரும்பும் முன் சிறுநீர்ச் சோதனை, தேறினால்தான் விமானம் என்று விதி கொண்டுவந்தார். அதோடு நிறுத்தவில்லை. திரும்பிய பிறகு இவர்கள் என்ன ஆகிறார்கள் என்று பார்க்க ஆள் வைத்தார். செயின்ட் லூயிஸ் நகரத்தின் லீ ராபின்ஸ் அந்த ஆய்வை நடத்தினார்.

முடிவை யாரும் எதிர்பார்க்கவில்லை. வியட்நாமில் இருந்தபோது சுமார் 20 சதவீத வீரர்கள் அடிமையாக இருந்ததாகச் சொன்னார்கள். ஊர் திரும்பிய முதல் வருடத்தில் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் 5 சதவீதம் மட்டுமே. மூன்று வருடத்தில் பார்த்தாலும் 12 சதவீதம்தான். லெக்சிங்டனில் 90, இங்கே 12!

இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லெக்சிங்டன் ஆள் விடுதலையாகி எங்கே போனார்? பழைய தெருவுக்கு, பழைய நண்பர்களிடம், பழைய வியாபாரியிடம். வியட்நாம் வீரர் போதையைப் பழகிய இடத்தையே விட்டுவிட்டு வந்தார். இதற்கான விளக்கம் 1940களிலேயே லெக்சிங்டனில் இருந்தது என்பதுதான் வேடிக்கை. அங்கே வேலை பார்த்த ஏப்ரஹாம் விக்லர், பல மாதங்களாக மருந்தே தொடாத நோயாளிகள் போதையைப் பற்றிப் பேசும்போது கொட்டாவி விடுவதையும் மூக்கு ஒழுகுவதையும் கவனித்திருந்தார். மூளை இடத்தோடும் பேச்சோடும் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது என்று அவர் எழுதினார். ஆனால் மையத்தின் முக்கிய வேலை அது இல்லை.

ஜாஃபி காலத்தில் மூளை ஆராய்ச்சிக்கும் பணம் வந்தது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சாலமன் ஸ்னைடரும் அவருடைய மாணவி கேண்டஸ் பெர்ட்டும் 1973இல் மூளையில் ஓப்பியம் வகை மருந்துகள் போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளைக் காட்டினார்கள். அதே ஆண்டு நியூயார்க்கிலும் ஸ்வீடனிலும் வேறு குழுக்களும் காட்டின. மறு வருடம் போதை ஆராய்ச்சிக்கென்று தனி தேசிய நிறுவனம் உருவானது. சுருக்கமாக நிடா.

"இது மூளை நோய்"

நிடா நெடுங்காலம் தன்னைப் பற்றிச் சொல்லிவந்த ஒரு கணக்கு உண்டு: போதையின் உடல்நல விளைவுகள் குறித்து உலகில் நடக்கும் ஆராய்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் தங்கள் நிதி என்று. அப்படிப்பட்ட இடத்தின் இயக்குநர் ஒரு வார்த்தையை மாற்றினால் உலகமே மாற்றிப் பேசும்.

1994இல் இயக்குநரான ஆலன் லெஷ்னர் அதைத்தான் செய்தார். 1997இல் சயின்ஸ் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் சாரம்: அடிமையாதல் ஒரு மூளை நோய். சமூகச் சூழலும் முக்கியம் என்று அதே கட்டுரையில் அவர் எழுதியிருந்தார். ஆனால் எல்லோர் மனதிலும் நின்றது தலைப்புதான். இந்த வாசகத்துக்கு அன்று தேவையும் இருந்தது. சிறைகள் நிரம்பி வழிந்த காலம். நோய் என்று சொன்னால்தான் மருத்துவமனையில் இடம் கிடைக்கும், காப்பீடு பணம் தரும்.

நமக்கும் இது தெரிந்த விஷயம்தான். 'குடிகாரன்' என்று ஒரு சொல், 'குடிநோயாளி' என்று இன்னொரு சொல். முதல் சொல்லில் திட்டு இருக்கிறது, இரண்டாவதில் ஓர் ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்கிறது.

2003இல் அந்த நாற்காலிக்கு வந்தவர் நோரா வோல்கோவ். மெக்சிகோவில் பிறந்தவர், ட்ராட்ஸ்கியின் கொள்ளுப்பேத்தி. ட்ராட்ஸ்கி கொல்லப்பட்ட அதே வீட்டில் வளர்ந்தவர். நிடாவின் முதல் பெண் இயக்குநர். இருபது ஆண்டுகளுக்கும் மேல் பதவியில் இருந்தார். 1980களில் கொக்கெய்ன் பெரிய ஆபத்தில்லை என்று பலர் நினைத்தபோது, அதை எடுப்பவர்களின் மூளையில் ரத்த ஓட்டம் சீர்கெட்டிருப்பதைப் படம்பிடித்துக் காட்டியவர். பிறகு டோபமைன் ஏற்பிகள் குறைவதையும், ஆசையை அடக்கும் முன்மூளைப் பகுதி பலவீனமாவதையும் காட்டினார். 'ஏன் அவரால் நிறுத்த முடியவில்லை?' என்ற கேள்விக்குப் படமாகவே பதில் சொன்ன விஞ்ஞானி.

விமர்சனங்களும் வந்தன. மனநல மருத்துவர் சாலி சேட்டல், உளவியலாளர் ஜீன் ஹேமேன், நரம்பியல் ஆய்வாளர் கார்ல் ஹார்ட் போன்றவர்கள் வெவ்வேறு கோணத்தில் கேட்டார்கள்: பெரும்பாலானவர்கள் ஒரு கட்டத்தில் விட்டுவிடுகிறார்களே? வேலை, வீடு, வறுமை எல்லாம் எங்கே போயிற்று? வியட்நாம் கணக்கு மறந்துபோயிற்றா? என் பார்வையில் இரண்டு தரப்புமே பாதி உண்மையைத்தான் பிடித்திருக்கின்றன. சுற்றுச்சூழல் பதிவாகும் இடமும் மூளைதானே. விக்லர் அதைத்தான் சொன்னார்.

யாரும் நிதி தராத கேள்வி

இப்போது ஒரு காலவரிசை. லெக்சிங்டன் மையத்தின் டொனால்ட் ஜாசின்ஸ்கியும் சகாக்களும் 1978இல் ப்யூப்ரினார்ஃபின் என்ற மருந்து ஹெராயின் பழக்கத்துக்கு நல்ல சிகிச்சையாக இருக்கும் என்று எழுதினார்கள். மெத்தடோனைவிடப் பாதுகாப்பானது, அளவு கூடினாலும் மூச்சு நிற்கும் அபாயம் குறைவு. அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது 2002இல். 24 வருடம். அனுமதி வந்த பிறகும், இதை எழுத மருத்துவருக்குத் தனிப் பயிற்சி, தனி உரிமம். ஆரம்பத்தில் ஒருவர் 30 நோயாளிக்கு மேல் பார்க்கக் கூடாது. அந்த உரிம விதி நீங்கியது 2022 டிசம்பரில். இன்னும் 20 வருடம்.

இடையில் 1996இல் ஆக்ஸிகான்டின் என்ற வலிமருந்து சந்தைக்கு வந்தது. மெல்லக் கரைவதால் தவறான பயன்பாடு குறையும் என்று நம்பப்படுவதாக அதன் விவரக்குறிப்பில் ஒரு வரி இருந்தது. நிரூபிக்கும் ஆய்வு இல்லாத வரி. அதை எழுத எந்த மருத்துவருக்கும் 30 நோயாளி வரம்பு கிடையாது. அடிமையாக்கும் மருந்துக்குக் கதவு திறந்திருந்தது, அதிலிருந்து மீட்கும் மருந்துக்குப் பூட்டு. லெக்சிங்டனின் பழைய கேள்வியை, 'இது அடிமையாக்குமா?' என்பதை, அங்கே யாராவது கறாராகக் கேட்டிருக்கலாம்.

பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1990களின் நடுவில் சாதாரண குடும்ப மருத்துவர்களே ப்யூப்ரினார்ஃபின் எழுதலாம் என்று விட்டுவிட்டார்கள். சில ஆண்டுகளில் அங்கே ஓப்பியம் வகை மருந்து அளவு மீறியதால் வந்த சாவுகள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன. அமெரிக்காவில் 2021இல் போதைமருந்து அளவு மீறிச் செத்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு அங்கே ஓப்பியம் வகை அடிமைத்தனம் உள்ளவர்களில் மருந்துச் சிகிச்சை கிடைத்தது சுமார் 22 சதவீதத்தினருக்கு மட்டும்.

ஹிம்மல்ஸ்பாக் வேதனையை எப்படி அளப்பது என்று கேட்டார். இஸ்பெல் எது அடிமையாக்கும் என்று கேட்டார். ஜாஃபி திரும்பி வந்தவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். லெஷ்னரும் வோல்கோவும் மூளையில் என்ன மாறுகிறது என்று கேட்டார்கள். எல்லாமே நல்ல கேள்விகள், எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தது. மருந்து கையில் இருந்தும் ஐந்தில் நான்கு பேருக்கு ஏன் போய்ச் சேரவில்லை என்பதற்கு மூளைப் படத்தில் பதில் இல்லை. அது உரிம விதியில், காப்பீட்டுப் படிவத்தில், மருந்துக்கடைக்காரர் பார்க்கும் பார்வையில் இருக்கிறது. அடுத்து அந்த நாற்காலிக்கு வருகிறவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், முதல் நாள் மேஜையில் வைக்க வேண்டிய கேள்வி அதுதான்.